வண்டி எடுக்கும்போது உதறுகிறதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

"வண்டி எடுக்கும்போது உதறுது" என்று சொன்னால் போதும், "கிளட்ச் போயிடுச்சு சார், செட்டோட மாத்திடலாம்" என்ற பதில் உடனே வந்துவிடும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். என் விஷயத்தில் அப்படி இல்லை. 2003ல் பதிவான என் சின்ன பெட்ரோல் காருக்கு கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டு, கூலியும் கொடுத்துவிட்டு ஓட்டி வந்தேன். ஒரு வாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அப்புறம் பழைய உதறல் அப்படியே திரும்பியது. கடைசியில் பார்த்தால் காரணம் கிழிந்துபோன ஒரே ஒரு இன்ஜின் மவுண்ட், அதாவது இன்ஜினைப் பாடியோடு தாங்கிப் பிடிக்கும் ரப்பர். கழற்றி எடுத்த பழைய பிளேட்டிலோ பாதிக்கு மேல் கனம் மிச்சம் இருந்தது.

அதனால் இந்த வழிகாட்டி செலவே இல்லாத சோதனைகளில் தொடங்கி, கடைசியில்தான் கிளட்ச்சுக்கு வருகிறது. மனதில் வைத்து எழுதுவது மாருதி 800, பழைய ஆல்டோ மாதிரியான வண்டிகளை: 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை, கேபிளில் வேலை செய்யும் கிளட்ச். வேறு வண்டி வைத்திருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும், மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில், என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்

உதறல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஹாஃப் கிளட்ச்சில் (கிளட்ச் பாதி பிடித்த நிலையில்) இருக்கும் அந்த ஒன்றிரண்டு நொடி மட்டும் வண்டி முழுக்க கடகடவென்று வேகமாக நடுங்கி, காலை முழுசாக எடுத்ததும் சட்டென்று நின்றுவிட்டால் அது கிளட்ச் அல்லது மவுண்ட் பக்கத்துப் பிரச்சினை. நடுக்கம் எதுவும் இல்லாமல் நகரும்போது ஒரே ஒரு தடவை "டக்" என்று இடித்தால் எங்கோ ஒரு ஜாயின்ட்டிலோ புஷ்ஷிலோ ஆட்டம் இருக்கிறது, இல்லையென்றால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது திக்கல்: ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டு, பிறகு பாய்வது. அது பெட்ரோல் அல்லது கரண்ட் பக்கம். இதில் எது உங்களுடையது என்று தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

கூடவே ஒரு சின்ன சரிபார்ப்பு. பழகிய வேறொருவரிடம் வண்டியைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எடுத்தாலும் உதறினால் வண்டியில்தான் கோளாறு. அவருக்கு உதறாமல் போனால் சீட்டின் தூரத்தைப் பாருங்கள். கிளட்ச்சை முழுசாக மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் நீண்டு எட்டிப்போய் மிதிக்கிற நிலையில் உட்கார்ந்தால் யாராலும் சீராக விட முடியாது.

ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஒரு சோதனை

சமமான, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டும். இன்ஜின் சூடாகி ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகம்) நிலையாக ஓடட்டும். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல், கிளட்ச்சை நான்கைந்து நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். 800 சி.சி. வண்டியாக இருந்தாலும் நல்ல நிலையில் இருந்தால் அது தானாக ஊர்ந்து நகரும். உடனே அணைந்துபோனால் ஐடிலிங் குறைவாக இருக்கிறது, அல்லது ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை, அல்லது பிரேக் பிடித்திருக்கிறது. நகர்கிறது, ஆனால் பிடிக்கும் இடத்தில் நடுங்குகிறது என்றால் கிளட்ச், கேபிள், மவுண்ட் மூன்றில் ஒன்று.

இதையே ரிவர்ஸில் செய்யுங்கள். ரிவர்ஸ் சோதனையை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் எனக்கு அதிகம் சொல்லித் தந்தது அதுதான். ரிவர்ஸில் இன்ஜின் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும், அதனால் முன்னோக்கிப் போகும்போது பாரம் விழாத மவுண்ட் மேல் இப்போது பாரம் விழும். ஒரு திசையில் மட்டும் உதறல் அதிகம், மறு திசையில் கிட்டத்தட்ட இல்லை என்றால் என் சந்தேகம் முதலில் மவுண்ட் மேல்தான் விழும். இரண்டு பக்கமும் ஒரே அளவு உதறினால் கிளட்ச் பக்கம் சாயலாம்.

எப்போது வருகிறது என்பதையும் போனில் குறித்து வையுங்கள். காலையில் முதல் இரண்டு மூன்று தடவை மட்டும் உதறி, பிறகு நாள் முழுக்க ஒன்றும் இல்லையா? ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நிற்கும் வண்டிகளுக்கு இது சாதாரணம். ஃப்ளைவீலும் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) கிளட்ச் பிளேட்டை அதன் மேல் அமுக்கும் பிரஷர் பிளேட்டும் வார்ப்பிரும்பு, ராத்திரி ஈரத்தில் மேலே லேசாகத் துரு படியும், இரண்டு தடவை உரசினால் போய்விடும். அதற்காக யாரும் காசு செலவழிக்க வேண்டாம். மாறாக, காலையில் நன்றாக இருந்து, அரை மணி நேரம் நெரிசலில் ஊர்ந்த பிறகு, அல்லது ஃப்ளைஓவர் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்த பிறகு உதறல் கூடினால், அது சூட்டில் வருகிற உதறல். ஃப்ளைவீலில் சூட்டுத் திட்டுகள், பிளேட்டில் ஆயில், இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெடலும் கேபிளும்

இன்ஜினை அணைத்துவிட்டு கிளட்ச் பெடலை கையால் அமுக்கிப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும், அப்புறம் கனமாகும். அந்த முதல் தூரம்தான் ஃப்ரீ பிளே. உங்கள் வண்டிக் கையேட்டில் சரியான அளவு இருக்கும். இந்த மாதிரி வண்டிகளில் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் பக்கம் வரும். பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே குறையும். அது சுத்தமாக இல்லாமல் போனால் பெடல் மேலே இருக்கும்போதும் கிளட்ச் லேசாக மிதிபட்ட நிலையிலேயே இருக்கும், வழுக்கும், சூடாகும், அந்தச் சூட்டில் உதறல் தொடங்கும். ஃப்ரீ பிளே அளவுக்கு மீறினால் கிளட்ச் முழுசாக விடுபடாது. ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வரும், தரையை ஒட்டிய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், சீராக விட இடமே இருக்காது. சரிசெய்வது கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முடிகிற இடத்தில் உள்ள நட்டில், ஐந்து நிமிட வேலை.

அடுத்து கேபிளின் ஓட்டம். பெடலை மிக மெதுவாக விடும்போது அது ஒரே சீராக மேலே வர வேண்டும். நடுவில் ஒட்டி, பிறகு விடுபட்டு, படிப்படியாக வந்தால் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கிறது அல்லது பிரிந்திருக்கிறது. நீங்கள் எவ்வளவு பக்குவமாகக் காலை எடுத்தாலும் அந்தக் கேபிள் கிளட்ச்சுக்குப் படிப்படியாகத்தான் கொடுக்கும். எண்ணெய் விட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள கேபிளில் எண்ணெய் தூசியைச் சேர்த்து இன்னும் மோசமாக்கும். புதிது போடுவது கியர் பாக்ஸ் இறக்கும் கூலியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கேபிள் அடிக்கடி போகிறதா? அப்படியானால் எர்த் ஒயரைப் பாருங்கள். பேட்டரியிலிருந்தும் பாடியிலிருந்தும் இன்ஜினுக்கு வரும் தடித்த எர்த் ஒயர் பழைய வண்டிகளில் துருவேறி நிற்கும், அல்லது கழற்றிய மெக்கானிக் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார். அப்போது ஸ்டார்ட்டரின் கரண்ட் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள் வழியாகவும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் பாயும். கேபிள் சூடாகி உள்ளுறை உருகி இறுகும். ஸ்டார்ட் செய்த உடனே பெடல் வழக்கத்தைவிட கடினமாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் கேபிளுக்குப் பதில் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், ஹோஸ் இருக்கும். ஆயில் கசிவு, காற்று புகுந்து பெடல் பஞ்சு மாதிரி ஆவது, ஹோஸ் உட்பக்கம் ஊதிப்போய் ஆயில் மெதுவாகத் திரும்புவது, இவைதான் பார்க்க வேண்டியவை.

இன்ஜின் மவுண்ட்: இங்கே நிதானமாக நில்லுங்கள்

முன்சக்கர இழுவை வண்டியில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றும்போது அதே அளவு எதிர்விசை இன்ஜினை முன்னும் பின்னும் உருட்டப் பார்க்கும். அதைத் தாங்குவது சில ரப்பர் மவுண்டுகள் மட்டும்தான். இருபது வருடச் சூடு, ஆயில் கசிவு, நம் ரோட்டுப் பள்ளங்கள் எல்லாம் சேர்ந்தால் ரப்பர் வெடிக்கும், உலோகத்திலிருந்து பிரியும், அல்லது அமுங்கி உட்கார்ந்துவிடும்.

ரப்பர் போனால் ஆட்டம் அதிகமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேபிள் கிளட்ச்சில் அதற்கு மேல் ஒன்று நடக்கிறது. கேபிளின் ஒரு முனை பாடியில், மறு முனை கியர் பாக்ஸில். நீங்கள் கிளட்ச்சை விடுகிறீர்கள், இன்ஜின் ஒரு பக்கம் உருளுகிறது, உருளும்போது கேபிளின் வளைவு மாறி இழுப்பு கூடவோ குறையவோ செய்கிறது. உங்கள் கால் அசையாமல் இருந்தாலும் கிளட்ச் தானாகக் கொஞ்சம் பிடிக்கிறது, விடுகிறது. பிடித்தால் இன்ஜின் மேலும் உருளும், உருண்டால் விடும், விட்டால் பழைய இடத்துக்கு வரும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கிறது. கிளட்ச் பிளேட் நடுங்குவது போலவே தோன்றும். என் மெக்கானிக் ஏமாந்தது இங்கேதான், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சோதிக்கும் முறை இது. கை பிரேக்கை நன்றாக இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வையுங்கள். பானெட்டைத் திறந்துவிட்டு, பழகிய ஒருவர் சீட்டில் உட்கார்ந்து கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சைப் பிடிக்கும் இடம் வரை மட்டும் விட்டு உடனே மிதிக்கட்டும். அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒருபோதும் நிற்காதீர்கள். இன்ஜின் லேசாகச் சாய்வது சரி. துள்ளி எழுந்து "தடால்" என்று உட்கார்ந்தாலோ, சைலன்சர் குழாய் பாடியில் இடித்தாலோ மவுண்ட் போய்விட்டது. எந்த மவுண்ட் என்று தெரிய, அணைத்த பிறகு ஒவ்வொன்றாக டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள், கடப்பாரை முனையால் மெல்ல நெம்பிப் பாருங்கள். மேலே நன்றாகத் தெரியும் ரப்பர் அடியில் பிரிந்திருக்கும்.

மாற்றும்போது ஒன்று மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். ஒன்று கிழிந்தால் அதன் பாரத்தை மற்றவை சுமந்திருக்கும், அதனால் காசு இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவேன். ரொம்ப மலிவான மவுண்ட் வேண்டாம். கல் மாதிரி கடினமான ரப்பர் போட்டால் உதறல் நிற்கும், ஆனால் ஐடிலிங்கில் ஸ்டீயரிங் முழுக்க அதிரும்.

இன்ஜினே திக்குகிறதா?

நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை மிக மெதுவாக மிதித்து வேகத்தைக் கூட்டுங்கள். அப்புறம் ஒரு தடவை சட்டென்று மிதியுங்கள். இரண்டிலும் திக்காமல் ஏறினால் பெரும்பாலும் இன்ஜினைச் சந்தேகிக்க வேண்டாம், அடுத்த பகுதிக்குப் போகலாம். திக்கினால் தொடர்ந்து படியுங்கள்.

மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஒன்று சோர்ந்தால் போவது மூன்றில் ஒரு பங்கு பலம். ஓடும்போது அது அவ்வளவாகத் தெரியாது, நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்றும் ஒரே நிறத்தில், வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கரி படிந்தோ ஈரமாகவோ இருந்தால் அந்த சிலிண்டரைத்தான் தேட வேண்டும். இடைவெளி கார்புரேட்டர் வண்டியில் சுமார் 0.7 முதல் 0.8 மி.மீ., எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும்) வண்டியில் சுமார் 1 மி.மீ.; உங்கள் கையேடு சொல்வதே முடிவு. பிளக் ஒயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ராத்திரிதான் நல்ல நேரம்: இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, தொடாமல் பாருங்கள், நீலப் பொறி எங்கே தாவுகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

கார்புரேட்டர் வண்டியில் எடுக்கும்போது வரும் திக்கலுக்கு நான் முதலில் பார்ப்பது ஆக்ஸிலரேட்டர் பம்ப். இன்ஜினை அணைத்து ஏர் ஃபில்டரைத் திறந்து, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லீவரை கையால் தள்ளுங்கள். உடனே மெல்லிய பெட்ரோல் பீச்சல் தெரிய வேண்டும். தாமதமாக வந்தாலோ, சொட்டினாலோ, உள்ளே டயாபிரம் (பம்ப்பின் ரப்பர் சவ்வு) போயிருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதனால் இந்த வயது வண்டிகளில் டயாபிரத்தையும் பெட்ரோல் ஹோஸ்களையும் வருடம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பக்கத்தில் சிகரெட், நெருப்பு எதுவும் கூடாது.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்வது, விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸை மாற்றுவது, அப்படியும் தீராவிட்டால் ஸ்கேனர் வைத்து த்ராட்டில் பொசிஷன் சென்சாரைப் பார்ப்பது என்று போகலாம்.

ஒரே ஒரு "டக்" வருகிறது என்றால்

மழையில் கை பிரேக் போட்டு இரண்டு நாள் நிறுத்தியிருந்தால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது "டக்" என்று விடுபட்டு வண்டி பாயும். கை பிரேக் கேபிள் இறுகியிருந்தால் இது தினமும் நடக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது.

ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி எடுக்கும்போது "டக் டக் டக்" என்று வந்தால் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட். நேராக எடுக்கும்போது ஒரு இடி என்றால் உள் ஜாயின்ட்டையும் லோயர் ஆர்ம் புஷ்களையும் பாருங்கள். ஆம்னி மாதிரி பின்சக்கர இழுவை வண்டியில் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட்தான் முதல் சந்தேகம்.

இப்போதுதான் கிளட்ச்

மேலே சொன்ன எதிலும் சிக்கவில்லை, உதறல் ஹாஃப் கிளட்ச்சில் மட்டும், இரண்டு திசையிலும், சூட்டில் கூடுகிறது. சரி, கிளட்ச்தான். இறக்கும் முன் கடைசியாக ஒன்று: மூன்றாவது கியரில் 30, 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதியுங்கள். இந்த வண்டிகளில் ஆர்.பி.எம். மீட்டர் பெரும்பாலும் இருக்காது, காதுதான் மீட்டர். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, பிளேட்டின் ஆயுள் முடிந்தது. உதறுகிறது ஆனால் வழுக்கவே இல்லை என்றால், பிளேட் தேய்ந்ததைவிட வேறு ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம் என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இறக்கும் அன்று முடிந்தால் பக்கத்தில் இருங்கள். பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆயில் பட்டிருந்தால் முகர்ந்து பாருங்கள்: கியர் ஆயிலுக்கு கந்தகம் மாதிரி கடுமையான நாற்றம், அது வந்தால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல், கறுத்த இன்ஜின் ஆயில் என்றால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல். சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால் சில மாதத்தில் அதே கதை. பிளேட் நடுவில் உள்ள ஸ்பிரிங் எதுவும் உடைந்தோ ஆடியோ இருக்கிறதா, பிரஷர் பிளேட்டின் விரல்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, ஃப்ளைவீலில் நீலமாகவோ கருமையாகவோ திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் திட்டு உள்ள இடத்தில் இரும்பு இறுகிப்போயிருக்கும், மற்ற இடம் மாதிரி தேயாது, புது பிளேட்டும் அதன் மேல் துள்ளும். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் பிடிக்க (மேற்பரப்பைச் சமமாகச் சீவ) வேண்டும், திட்டு ஆழமாக இருந்தால் மாற்ற வேண்டும். "ஃப்ளைவீல் நல்லாத்தான் சார் இருக்கு" என்று யாராவது சொன்னால் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது நடக்கும் இரண்டு தவறுகள் புது கிளட்ச்சையும் முதல் நாளே உதற வைக்கும். புது பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைத் துடைக்காமல் போடுவது ஒன்று. பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். ஸ்பிளைனில் (பிளேட் மாட்டும் ஷாஃப்டின் பல் வரிகளில்) கிரீஸை அள்ளிப் பூசுவதும் அதே கணக்குதான், மெல்லிய பூச்சு போதும். இன்னொன்று, கியர் பாக்ஸை ஏற்றும்போது ஷாஃப்ட் பிளேட்டுக்குள் பாதி போன நிலையில் முழு எடையையும் அதன் மேல் தொங்கவிடுவது. பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஜாக்கியோ இன்னொரு ஆளோ கீழே தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொல்லுங்கள்.

வண்டி கைக்கு வந்த பிறகு முதல் சில நூறு கிலோமீட்டர் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் பிடித்து நிறுத்தாதீர்கள், கை பிரேக்கைப் பயன்படுத்துங்கள். லேசான உதறல் இருந்தாலும் பிளேட் படியும் வரை பொறுத்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து ஃப்ரீ பிளேயை மறுபடி அளந்துவிடுங்கள், புது கேபிள் போட்டிருந்தால் அது கொஞ்சம் நீண்டிருக்கும்.